நாவுக்குப் போர் தெரியாது

உலகில் ஆண்டுதோறும் வடிக்கப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, புட்டியில் அடைபட்ட ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துத் தீர்ந்துபோவதற்கென்றே செய்யப்படுவது. பத்து, இருபது ஆண்டுகள் நிலவறையில் கிடந்து பிறகு திறக்கப்படுவது அதில் மிகச் சிறிய பங்கே. நாள்பட நாள்பட ஒயின் சிறக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், முதுமையைத் தாங்கும் உடற்கட்டு எல்லா ஒயினுக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலானவை ஐந்தாறு ஆண்டுகளில் பழமணம் இழந்து, வெறும் புளிப்பும் சாராய நெடியும் மிஞ்சிய நீராகிவிடுகின்றன. தாங்குபவற்றிடம் மூன்று இருக்க வேண்டும்: கெடாமல் காக்கும் அமிலம், திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள், இவ்விரண்டும் கரைந்து அடங்கும் காலத்திலும் வற்றிப்போகாத அளவுக்குப் பழத்தின் சாரம். இம்மூன்றும் கூடிய ஒரு சிவப்பு ஒயின், அதிகம் பேசப்படாத ஒரு நிலத்திலிருந்து, பல திராட்சை வகைகளின் கலவையாக வரும்போது அதைச் சுவைப்பவர் எதைச் சுவைக்கிறார் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, லெபனானின் பெக்கா சமவெளியில் விளைந்த பழங்களிலிருந்து வடிக்கப்படும் ஷத்தோ முஸார் என்னும் ஒயினை இக்கட்டுரை அணுகுகிறது.

முதலில், புட்டிக்குள் நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. புதிய சிவப்பு ஒயினுக்கு ஊதா கலந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. அது நாளடைவில் டானின் மூலக்கூறுகளோடு பிணைந்து, மேலும் மேலும் பெரிய சங்கிலிகளாக நீண்டு, திரவத்தில் மிதக்க முடியாத எடையை எட்டியதும் அடியில் மண்டியாகப் படிகிறது. படிந்த அளவுக்கு நிறம் வெளுக்கிறது. ஊதா சிவப்பாகி, சிவப்பு செங்கல் நிறமாகி, மிக முதிர்ந்த நிலையில் விளிம்பு தேயிலை நீரின் பழுப்பை அடைகிறது. துவர்ப்பும் அவ்வாறே நாவைப் பிடித்து உலர்த்தும் முரட்டுத்தனத்தை இழந்து மென்மையாகிறது. தக்கையின் வழியே மிக நுண்ணிய அளவில் உள்ளே புகும் ஆக்சிஜனும், அமிலமும் சாராயமும் மெல்ல வினைபுரிந்து பிறப்பிக்கும் எஸ்டர் எனப்படும் மணப்பொருள்களும் சேர்ந்து, புதுப்பழ வாசனையை உலர்பழம், தோல், புகையிலை, ஈரமண் போன்ற வாசனைகளாக மாற்றுகின்றன. புதுப்புளிக்கும் ஓராண்டு பானையில் கிடந்து கறுத்த பழம்புளிக்கும் உள்ள வேற்றுமையை அறிந்த எந்தத் தமிழ்ச் சமையலறைக்கும் இம்மாற்றத்தின் திசை அந்நியமாக இராது: புளிப்பு குறைவதில்லை, ஆனால் அதன் கூர்மை மழுங்கி, அதற்குள் ஓர் ஆழம் வந்துவிடுகிறது.

கலவை என்ற சொல்லையும் விளக்கவேண்டும், ஏனெனில் அது கலப்படம் என்ற தவறான தொனியை எளிதில் பெற்றுவிடும். ஒரே வகைத் திராட்சையிலிருந்து மட்டும் ஒயின் செய்வது ஒரு மரபு. பிரான்சின் பர்கண்டிப் பகுதி அதற்கு எடுத்துக்காட்டு. ஒவ்வொரு வகையையும் தனித்தனியே நொதிக்கவைத்து, பின்னர் அளவறிந்து சேர்ப்பது இன்னொரு மரபு. போர்தோ அதன் தலைமைப்பீடம். முஸார் இந்த இரண்டாம் மரபில் வருவது. அதில் மூன்று திராட்சைகள் சேர்கின்றன, விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கபர்னே சோவின்யோன் என்பது தடித்த தோலும் சிறு கனியும் கொண்டது. துவர்ப்பும் நீண்ட ஆயுளும் அதன் கொடை. உலகப் புகழ்பெற்ற இவ்வகை, கபர்னே பிரான், சோவின்யோன் பிளான் ஆகிய இரண்டின் தற்செயலான கலப்பில் பிறந்தது என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1997இல் மரபணுச் சோதனையால் நிறுவினர். காரின்யான் ஸ்பெயினின் அரகோன் பகுதியிலிருந்து பரவியது. மிகுந்த புளிப்பும் மண்சார்ந்த கடுமையும் உடையது. சின்ஸோ தென்பிரான்சின் வகை. பெரிய, மெல்லிய தோல் கொண்ட கனி, வெளிறிய நிறம், மலர் போன்ற நறுமணம்.

இம்மூன்றில் பின்னிரண்டும் ஒயின் உலகின் உயர்குடிப் பட்டியலில் இடம்பெற்றவை அல்ல. தென்பிரான்சின் மலிவான அன்றாட ஒயினுக்காகக் கட்டுக்கடங்காமல் பயிரிடப்பட்ட காரின்யானை வேரோடு பிடுங்குவதற்கு ஐரோப்பிய அரசுகள் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்த காலமும் உண்டு. முஸாரின் தனித்தன்மையைக் கபர்னேயின் கணக்கில் எழுதுவது எளிது, பலரும் அவ்வாறே எழுதியுள்ளனர். ஆனால் இருபது ஆண்டு முதிர்ந்த புட்டியில் முதலில் எழுந்து வருவது பெரும்பாலும் சின்ஸோவின் நறுமணமே, ஒயினை இத்தனை காலம் நிமிர்த்தி வைத்திருப்பதில் காரின்யானின் புளிப்புக்குப் பெரும்பங்கு உண்டு. முதிய கொடிகளில், குறைந்த விளைச்சலில், பிடுங்கி எறியத்தக்கவை எனப்பட்ட வகைகள் எந்த உயரத்தை எட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

பெக்கா என்பது கடலுக்கு இணையாக ஓடும் லெபனான் மலைத்தொடருக்கும் அதன் கிழக்கே சிரிய எல்லையில் நிற்கும் எதிர்-லெபனான் தொடருக்கும் இடையே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கும் மேட்டுச் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். லிட்டானி ஆறு தெற்கு நோக்கியும் ஓரோன்டஸ் ஆறு வடக்கு நோக்கியும் இங்கிருந்து புறப்படுகின்றன. கோடையில் மழை அறவே இல்லை, பகல் சுடுகிறது, ஆனால் இரவில் மலைக்குளிர் இறங்குகிறது. குளிர்காலத்தில் இருபுறமும் பனி மூடி, அந்தப் பனி உருகிய நீர் நிலத்தடியில் தேங்குகிறது. பகல் வெப்பம் பழத்தில் சர்க்கரையை ஏற்ற, இரவுக் குளிர் அமிலத்தைக் காத்து வைக்கிறது. வெயில் மிகுந்த நாடொன்றில் முதுமையைத் தாங்கும் ஒயின் எப்படி விளைகிறது என்பதற்கான விடை இந்த உயரத்தில்தான் இருக்கிறது.

இச்சமவெளியின் வடபகுதியில் உள்ள பால்பெக் நகரில், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததும், ஒயினின் தெய்வமான பாக்கஸின் பெயரால் இன்று அறியப்படுவதுமான உரோமானியக் கோயில் நிற்கிறது. ஏதென்ஸின் பார்த்தினானைவிடப் பெரியது, உரோமானியக் கோயில்களில் மிக நன்றாக எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று. அதற்கும் முன்னே, லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பண்டைய பினீசியர்கள் ஒயினை மத்தியதரைக் கடல் முழுதும் கொண்டுசென்று விற்ற வணிகர்கள். சைதா, சூர் ஆகிய துறைமுகங்களுக்கு இடையே தெல் எல்-புராக் என்னுமிடத்தில், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டப்பட்ட திராட்சைச் சாறு பிழியும் தொட்டியை அகழ்வாய்வாளர்கள் கண்டறிந்து 2020இல் அறிவித்தனர். லெபனான் ஒயின் வணிகர்கள் இவற்றையெல்லாம் காட்டி, ஐயாயிரம் ஆண்டு அறாத மரபு என்று விளம்பரம் செய்வது வழக்கம். அறாத மரபு என்பது மிகை. இஸ்லாமிய ஆட்சிக்காலங்களில் கிறித்தவ மடங்களும் வீடுகளும் வழிபாட்டுக்கும் தம் தேவைக்குமாக ஒயின் செய்துவந்தன என்றாலும், இன்றைய லெபனான் சிவப்பு ஒயினின் கொடிகள் அந்தப் பழமையிலிருந்து வந்தவை அல்ல. 1857இல் பெக்காவின் கசாரா என்னும் இடத்தில் தோட்டம் தொடங்கிய இயேசு சபைத் துறவிகள், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவிலிருந்து சின்ஸோ போன்ற வகைகளைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து தொடங்குபவை. முதல் உலகப்போருக்குப் பின் லெபனான் பிரெஞ்சு ஆணையாட்சியின்கீழ் வந்ததும், அங்குத் தங்கிய படையினருக்கும் அதிகாரிகளுக்கும் ஒயின் தேவைப்பட்டதும் அத்தொழிலை வளர்த்தன. ஆக, பினீசியக் கடற்கரையில் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் கொடி என்பதே சரியான விவரம். அது பெருமையைக் குறைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை.

முஸாரை 1930இல் நிறுவியவர் கஸ்தோன் ஹோஷார். அதன் நிலவறைகள் பெக்காவில் இல்லை. மலைத்தொடரைக் கடந்து மேற்கே, ஜூனியே விரிகுடாவை நோக்கி நிற்கும் கஸீர் என்ற ஊரில், 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றில் அமைந்தன. தோட்டம் ஒரு பக்கம், ஆலை மறுபக்கம், நடுவே மலை என்ற இந்த ஏற்பாடு, பின்னாளில் இந்த ஒயினின் கதையையே தீர்மானித்தது. கஸ்தோனின் மகன் செர்ஜ் ஹோஷார் போர்தோவில், நவீன ஒயின் அறிவியலின் தந்தை எனத்தக்க எமில் பெய்னோ முதலியோரிடம் பயின்று, 1959இல் ஒயின் வடிக்கும் பொறுப்பை ஏற்றார். பெய்னோ வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியது தூய்மை, கட்டுப்பாடு, பழுத்த பழத்தைத் தேர்ந்தெடுத்தல், நுண்ணுயிரை அடக்கி ஆளுதல் ஆகியவை. அவருடைய மாணவரோ, தம் பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின், இயற்கையான ஈஸ்டைக் கொண்டே நொதிக்கவிட்டு, வடிகட்டாமல், கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தக டையாக்சைடை மிகக் குறைத்து, ஒயினை அதன் போக்கில் விட்டுவிடும் வழிக்கு வந்துசேர்ந்தார். ஆசிரியரின் பாடத்தை நன்றாகக் கற்றவர் மட்டுமே அதை இவ்வளவு துணிந்து மீற முடியும் என்று தோன்றுகிறது.

செய்முறை எளியது, நேரம்தான் நீண்டது. மூன்று திராட்சைகளும் சிமெண்ட் தொட்டிகளில் தனித்தனியே நொதிக்கின்றன. சில மாதங்களுக்குப் பின் பிரான்சின் நெவர் வட்டாரத்து ஓக் மரப் பீப்பாய்களில் ஓராண்டு வைக்கப்படுகின்றன. மூன்றாம் ஆண்டில்தான் கலவை சேர்க்கப்படுகிறது, புட்டிகளில் அடைக்கப்படுகிறது. அதன்பின் நிலவறையிலேயே நான்கு ஆண்டு கிடந்து, அறுவடையிலிருந்து ஏழாம் ஆண்டில் சந்தைக்கு வருகிறது. ஒயின் செய்பவர்களில் பெரும்பாலோர் முதுமையாக்கும் செலவையும் இடத்தையும் வாங்குபவர் தலையில் ஏற்றிவிடுகின்றனர். அச்செலவைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஆலைகள் சிலவே.

1975இல் லெபனானின் உள்நாட்டுப் போர் தொடங்கி 1990 வரை நீடித்தது. பெக்கா சிரியப் படையின் பிடியிலும், கஸீர் கிறித்தவப் படைக்குழுக்களின் பகுதியிலும் இருந்ததால், அறுவடைக் காலத்தில் திராட்சை ஏற்றிய லாரிகள் சோதனைச் சாவடிகளையும் சண்டை நடக்கும் கோடுகளையும் தாண்டியே ஆலையை அடையவேண்டியிருந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் 1976, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே முஸாரின் சிவப்பு ஒயின் விற்பனைக்கு வரவில்லை. உள்நாட்டுச் சந்தை அழிந்த நிலையில், செர்ஜ் ஹோஷார் தம் ஒயினை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்; 1979இல் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒயின் கண்காட்சியில், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் ஒயின் பிரிவுத் தலைவர் மைக்கேல் பிராட்பெண்ட் முஸாரின் 1967 ஒயினைச் சுவைத்து அதை அக்கண்காட்சியின் கண்டுபிடிப்பாக அறிவித்ததிலிருந்து அதன் உலகப் புகழ் தொடங்குகிறது. 1984இல் லண்டனின் டிகாண்டர் ஒயின் இதழ், ஆண்டின் சிறந்த மனிதர் என்ற தன் விருதை முதன்முதலாக ஏற்படுத்திச் செர்ஜுக்கே அளித்தது. அதே 1984இன் அறுவடைதான் விற்பனைக்கு வராமல் போனது என்பதைப் புனைகதையாளர் ஒருவர் எழுதியிருந்தால் செயற்கை என்று சொல்லியிருப்போம்.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறந்தது. முஸார் பற்றி எழுதும் எவரும் குண்டுவீச்சில் தொடங்காமல் எழுதுவதில்லை. ஒவ்வொரு மிடறிலும் போரின் துயரத்தையும் ஒரு மக்களின் மனவுறுதியையும் உணர்ந்ததாகச் சுவைஞர்கள் குறிப்பெழுதுகின்றனர். இக்குறிப்புகளைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதே நேர்மை. நாவில் விழும் திரவத்தில் நீர், சாராயம், அமிலங்கள், டானின், சிறிதளவு சர்க்கரை, நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் இவையன்றி வேறெதுவும் இல்லை. துயரத்துக்கும் மனவுறுதிக்கும் உணர்வேற்பிகள் நாவிலோ மூக்கிலோ அமைந்திருக்கவில்லை. அறிந்தது எவ்வாறு சுவையாக மாறித் தோன்றுகிறது என்பதற்கு, செர்ஜ் படித்த அதே போர்தோவில் செய்யப்பட்ட, 2001இல் வெளியான ஒரு சோதனை உண்டு. பிரெடெரிக் புரோஷே உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஒயின் கல்வி பயிலும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். வெறும் நிறமே மூக்கை இப்படி வழிநடத்துமானால், பதினைந்தாண்டுப் போரின் கதை என்னதான் செய்யாது? கதையை அறிந்தபின் சுவைப்பது குற்றமன்று, ஆனால் கதையைச் சுவைத்துவிட்டு ஒயினைச் சுவைத்ததாகச் சொல்வது குற்றம்.

எனினும் இந்த மறுப்பையும் எல்லை மீறிக் கொண்டுசெல்லக் கூடாது. போர் உணர்ச்சியாக ஒயினுக்குள் புகுவதில்லை, தாமதமாகப் புகுகிறது. பறிக்கப்பட்ட திராட்சை ஒருசில மணி நேரத்தில் ஆலையை அடையவேண்டும். வெயிலில் குவியலாகக் கிடந்தால், அடியில் நசுங்கிய கனிகளின் சாறு தோலில் ஒட்டியுள்ள ஈஸ்டால் தானே நொதிக்கத் தொடங்கும், காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும், அசெட்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். 1984இல் நடந்தது இதுதான்: நேர்வழிகள் அடைபட்டு, லாரிகள் சுற்றி அலைந்து, பல நாள் கழித்துக் கஸீரை அடைந்தபோது சரக்கு ஏற்கெனவே நொதித்துக்கொண்டிருந்தது. செர்ஜ் அதையும் கொட்டிவிடாமல் ஒயினாக்கி வைத்தார். சூட்டாலும் காற்றாலும் வேண்டுமென்றே முதிர்விக்கப்படும் மெதெய்ரா தீவு ஒயினை அது நினைவூட்டுவதாகப் பின்னர் சுவைத்தவர்கள் கூறினர். பாதை திறக்கும்வரை பழத்தைக் கொடியிலேயே விட்டுவைக்க நேர்ந்தால் சர்க்கரை ஏறி அமிலம் குறையும். மின்சாரம் இல்லாதபோது தொட்டியின் சூட்டைக் குறைக்க வழியிருக்காது. இவை யாவும் வேதியியலாகப் புட்டிக்குள் பதிந்து, பத்தாண்டுகளுக்குப் பின்னும் நாவால் கண்டறியத்தக்கவை. அந்த அளவுக்கு, அந்த அளவுக்கு மட்டுமே, ஒயின் வரலாற்று ஆவணம்.

இனி, சுவைத்தல். பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டு வயதுள்ள முஸார் புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். படுக்கைவாட்டில் கிடந்தபோது பக்கவாட்டில் ஒட்டிய மண்டி அடியில் இறங்க அவ்வளவு நேரம் தேவை. தக்கை பழையது, உடையக்கூடியது, அவசரமின்றி இழுக்கவேண்டும். விளக்கொளியை எதிரே வைத்து, மண்டியின் முதல் இழை கழுத்தை எட்டும்வரை அகன்ற கண்ணாடிக் குடுவை ஒன்றில் மெல்லச் சரித்து ஊற்றிவிட்டு, அடியில் எஞ்சுவதை விட்டுவிடுவது முறை. நிறம் எதிர்பார்ப்பைவிட வெளிறியதாகவே இருக்கும். கடும் சிவப்பைத் தரத்தின் அடையாளமாகக் கருதப் பழகிய கண்ணுக்கு இது ஏமாற்றம். நடுவில் மாதுளைச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் தெரிவது சின்ஸோவின் மெல்லிய தோலுக்கும் கடந்த ஆண்டுகளுக்கும் உரிய இயல்பு.

மூக்கை முதலில் எட்டுவது பெரும்பாலும் இனியது அல்ல. நகப்பூச்சை நினைவூட்டும் கூரிய நெடி ஒன்று எழுந்து, சில நிமிடங்களில் பின்வாங்குகிறது; அதன் பின்னிருந்து உலர்ந்த அத்திப்பழம், புளித்த செர்ரி, தேவதாரு மரப்பெட்டி, பழைய தோல், கிராம்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. வாயில் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்க, துவர்ப்பு நாவின் ஓரங்களில் பொடியெனப் படர்ந்து மறைகிறது. விழுங்கியபின் நெடுநேரம் தங்குவது பழமன்று, மசாலாவின் வெம்மை. ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பையில் உள்ளதைச் சுவைத்தால் வேறொன்றாக இருக்கும்: நெடி அடங்கி, பழம் முன்வந்து, உடல் சற்றுப் பருத்ததுபோலத் தோன்றும். மறுநாள் எஞ்சியதைச் சுவைத்து அது மேலும் சிறந்திருக்கக் கண்டவர்கள் பலர். பெரும்பாலான பழைய ஒயின்கள் அவ்வளவு நேரம் காற்றில் உயிர் தரிப்பதில்லை. சுவைக்குறிப்பு எழுதுபவர்க்கு இது பெருஞ்சிக்கல், ஏனெனில் எந்த நிமிடத்து ஒயினை அவர் எழுதுவது? கலிபோர்னியாவின் ஆன் நோபிள் 1984இல் முன்வைத்த மணச்சொல் வட்டம், வாசனைகளை வகைவகையாக அடுக்கிச் சுவைஞர்களுக்குப் பொதுமொழி ஒன்றை அமைத்துத் தந்த பயனுள்ள கருவி. ஆனால் அவ்வட்டத்தில் காலத்துக்கு இடமில்லை. இன்னின்ன மணம் உண்டு என்று அது சொல்லும், எது எதற்குப் பின் வந்தது, எது எப்போது போனது என்று சொல்லாது. முஸார் போன்ற ஒயினில் செய்தி முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

செர்ஜ் ஹோஷார் தம் விருந்தினருக்குச் சிவப்பு ஒயினை முதலில் கொடுத்து, வெள்ளையைக் கடைசியில் கொடுக்கும் வழக்கம் உடையவர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். உலக வழக்கம் இதற்கு நேர் எதிர். ஒபெய்தே, மெர்வா என்னும் லெபனானின் சொந்தத் திராட்சைகளால் ஆன அந்த வெள்ளை ஒயின், முதிர்ந்தபின் அம்பர் நிறமும் சிவப்பை விஞ்சும் கனமும் பெறும் என்பதே அவர் கட்சி. பினீசியப் பழமையை உண்மையாகவே தேடுபவர் சிவப்பை விட்டு அந்தப் புட்டியைத் திறப்பதே பொருத்தம்.

முதலில் எழுந்த நெடிக்குத் திரும்பலாம். இந்த ஒயின் பற்றிய சச்சரவு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. நெடிக்குக் காரணம் ஆவியாகும் அமிலம், அதாவது காடியின் அமிலமாகிய அசெட்டிக் அமிலமும், அது சாராயத்தோடு சேர்ந்து பிறப்பிக்கும் எத்தில் அசெட்டேட்டும். எல்லா ஒயினிலும் இது சிறிதளவு உண்டு. சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு. தோல், கிராம்பு, சிலசமயம் குதிரைலாயம் என்று சொல்லத்தக்க வாசனைகளுக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாவுசன் இதை ஆங்கிலேய பீரில் கண்டறிந்து பெயரிட்டார். அங்கே அது அந்த பீரின் சிறப்புச் சுவைக்கு இன்றியமையாததாகக் கருதப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் போர்தோவின் பஸ்கால் ஷத்தோனே, ஒயினில் இந்த லாய வாசனையைத் தரும் எத்தில்பினால்கள் இந்த ஈஸ்டின் வேலையே என்று நிறுவிய பிறகு நிலைமை மாறியது. அதுவரை நிலத்தின் குணம் என்று பிரான்சில் பலரும் பெருமையோடு சொல்லிவந்தது, ஒரே நாளில் சுகாதாரக் குறைபாடாகிவிட்டது. ஆஸ்திரேலியா போன்ற புதிய ஒயின் நாடுகளில் பயின்ற தொழில்நுட்பர்கள் முஸாரைக் குறையுள்ள ஒயின் என்று ஒதுக்குவது இந்த அளவுகோலின்படிதான். அளவீட்டில் அவர்கள் பிழை செய்யவில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. குறை என்பது ஒரு பொருளின் அளவு மட்டுமன்று, அப்பொருள் எதை மறைக்கிறது என்பதும் ஆகும். இளம் ஒயினில் பழமணத்தை மூடி எல்லாப் புட்டியையும் ஒரே வாசனைக்குக் கொண்டுவந்துவிடும் பிரெட்டனோமைசிஸ் ஐயமின்றிக் கேடு. எங்கு விளைந்தது, எந்தத் திராட்சை, எந்த ஆண்டு என்ற வேறுபாடுகளையெல்லாம் அது அழித்துவிடும். நல்ல ஆண்டின் முஸாரில் அவ்வாறு நேர்வதில்லை. அமிலத்தின் கூர்மை மணங்களை மேலே தூக்கிவிடுகிறது, தோல் வாசனை அத்திப்பழத்துக்குப் பின்னணியாகிறது, மூன்று திராட்சைகளும் தத்தம் இடத்தில் தெரிகின்றன. கெட்ட புட்டியில் எல்லாமே காடியில் மூழ்கிவிடுகிறது. முஸார் பித்தர்கள் இந்த இரண்டாம் வகைப் புட்டியையும் ஆளுமை என்று சொல்லித் தாங்கிப் பிடிப்பது, தொழில்நுட்பர்கள் முதல் வகையையும் சேர்த்துத் தள்ளுவதைப் போன்றதே. ஒரே ஆண்டின் இரண்டு புட்டிகள் இரு வேறு ஒயின்களாக இருக்கும் அளவுக்கு வேறுபாடு இங்கு உண்டு என்பது வாங்குபவர் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று. உயிருள்ள பொருள் அப்படித்தான் இருக்கும் என்ற தத்துவ விடையை, பணம் கொடுத்து வாங்கியவர் ஏற்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

குறையும் குணமும் காலத்துக்குக் காலம் இடம் மாறுவது புதிதும் அன்று. ஏஜியன் கடலின் காஸ் தீவு ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கமாக இருந்தது. உரோமானியர் அச்சுவையை விரும்பி, இத்தாலியிலேயே அதைப்போலச் செய்துகொள்ளவும் கற்றனர். அரிக்கமேட்டு அகழ்வாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் சாடிகள் கிடைத்துள்ளன, யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூறும் குறிப்பிடுகிறது. ஆகவே சங்ககாலத் தமிழக மன்னர்களுள் சிலர் உப்புக்கரித்த ஒயினையே உயர்ந்ததென்று குடித்திருக்கவும் கூடும். மண்ணில் புதைத்து முதிர்வித்த கள்ளையும் மூங்கில் குழாயில் விளைந்த தேறலையும் அறிந்திருந்த அவர்களுக்கு, முதுமையின் மதிப்பைப் பிறர் சொல்லித்தரவேண்டியிருந்திராது. இன்றைய சுவைஞர் எவரும் கடல்நீர் கலந்த ஒயினை ஒரு மிடறுக்குமேல் தாங்கமாட்டார்.

செர்ஜ் ஹோஷார் 2014 டிசம்பர் 31 அன்று மெக்ஸிகோவின் அகபுல்கோவில் கடலில் நீந்தும்போது இறந்தார். ஆலையின் வேலை நிற்கவில்லை, போரும் பெக்காவை விட்டு முற்றாக நீங்கவில்லை. 2006 கோடையில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் இடையே நடந்த 34 நாள் போர் அறுவடைக்குச் சற்று முன்னே முடிந்தது, 2024இல் குண்டுகள் மீண்டும் அச்சமவெளியில் விழுந்தன. அந்த ஆண்டுகளின் ஒயின் பற்றியும் கதைகள் எழுதப்படும். முஸாரை முதன்முறை சுவைக்க விரும்புபவர், முடிந்தால் புட்டியின் ஆண்டு தெரியாதபடி துணி சுற்றி ஊற்றச் சொல்லி, முதல் ஒரு மணி நேரம் எவர் பேச்சையும் கேளாமல் இருந்துவிட்டு, பிறகு ஆண்டைக் கேட்பது நல்லது.